அழியாப் பெட்டி

எங்கள் துறைத் தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் போஸ். புதிதாகச் சேருகிறவர்கள் அது அவருடைய சொந்தப் பெயர் என்றே நினைத்துக்கொண்டு, "வணக்கம் போஸ் சார்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருப்பவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று விழிப்பார்கள். கேமராவைக் கண்டதும் வயிற்றை உள்ளே இழுத்து, முகவாயைத் தூக்கி அவர் நிற்கிற நிலைக்காக வந்த பெயர் அது. கழிவறையில் குழாய் மாற்றினாலும் அந்தக் குழாயைத் தாமே திறந்துவைப்பதுபோல் ஒரு படம் எடுத்துக்கொள்வார். துறை வாசலில் ஒரு சுவர் முழுக்க அவர்தான் தொங்கிக்கொண்டிருக்கிறார். அத்தனை படங்களில் பாடம் நடத்தும் படம் ஒன்றுகூடக் கிடையாது, ஏனென்றால் அப்படி ஒன்று நடந்ததில்லை.

இந்த மனிதர்தான் ஒரு நாள் வகுப்புக்குள் நுழைந்து, மாணவர்களுக்கான பிளாக்செயின் நிரல் போட்டி வருகிறது, நம் துறையிலிருந்து ஓர் அணி போயே தீர வேண்டும் என்று அறிவித்தார்.

"பிளாக்செயின்னா என்ன சார்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்.

"அதெல்லாம் அங்க போனா தானா புரிஞ்சுடும்," என்றார். அவருக்கும் தெரியாது என்பது கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்த வேகத்திலேயே தெரிந்துவிட்டது.

அது ஒன்றும் மாயமந்திரம் இல்லை. ஒரு பதிவை ஒரே கணினியில் வைக்காமல் பல கணினிகளில் நகல் வைப்பார்கள். ஒவ்வொரு புதுப் பதிவையும் அதற்கு முந்தைய பதிவோடு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். நடுவில் எவனாவது கை வைத்தால் பின்னால் வருகிற முடிச்சுகள் எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். எழுதியதைத் திருத்த முடியாது, அழிக்க முடியாது. மேலே மேலே சேர்க்கத்தான் முடியும். இந்த நாலு வரியைப் படிக்கச் சோம்பல்பட்டுக்கொண்டு, 'எதிர்காலம்', 'புரட்சி' என்று மேடைக்கு மேடை பீலா விடுகிற கூட்டம் ஒன்று உலகம் முழுக்க இருக்கிறது.

அந்தக் கூட்டத்தின் எங்கள் ஊர்க் கிளைதான் கோட்டு. கோட்டு எங்கள் அணித் தலைவன். வெயில் மண்டையைப் பிளந்தாலும் கோட்டைக் கழற்ற மாட்டான். நிரலில் ஒரு வரி எழுதத் தெரியாது. ஆனால் எழுதியவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் பற்றி அரை மணி நேரம் கயிறு திரிக்கத் தெரியும். இரண்டாவது ஆள் மேக்கப். திரையில் எந்த எழுத்து எங்கே வர வேண்டும், எது என்ன நிறத்தில் மின்ன வேண்டும் என்பது அவள் பொறுப்பு. கெட்டிக்காரிதான், ஆனால் தங்க நிறத்தைக் கண்டால் கையை அடக்க முடியாது. மூன்றாவது ஆள் நான். நிரல் எழுதுகிறவள். எனக்கு அவர்கள் வைத்த பெயர் சிடுமூஞ்சி. அதில் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை.

இப்படிப்பட்டவர்களோடு நான் ஏன் போனேன் என்றால், அக்காவுக்காக.

அக்கா இதே துறையில் படித்தவள். கடைசிப் பருவத்தில் எல்லாத் தாளும் எழுதித் தேறிவிட்டாள். பாக்கி இருந்தது செயல்திட்டத்துக்கான நேர்முகத் தேர்வு மட்டும். தேர்வாளர் போஸ். காலையிலிருந்து ஆய்வகத்து வாசலில் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே பாதிப் பேரை முடித்த நிலையில், கீழே புது லிஃப்ட் திறக்கிறார்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள். அவ்வளவுதான், போஸ் தலையை வாரிக்கொண்டு ஓடிவிட்டார். ரிப்பன் வெட்டி, லிஃப்டில் மேலும் கீழும் போய், படம் எடுத்து, அப்படியே வீட்டுக்கும் போய்விட்டார். வாசலில் நின்றவர்கள் எல்லாருக்கும் 'வரவில்லை' என்று மதிப்பெண் பட்டியலில் ஏறிவிட்டது.

மற்றவர்களுக்கு அப்பாக்கள் இருந்தார்கள். வந்து மேசையைத் தட்டினார்கள். அவர்களுக்கெல்லாம் மறுநாளே 'வந்தார்' ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் மேசையைத் தட்ட ஆள் இல்லை. அம்மாவுக்குக் குரலை உயர்த்தினால் மூச்சு வாங்கும். அக்கா முறைப்படி போகிற ரகம். புகார் எழுதித் துறையின் புகார்ப் பெட்டியில் போட்டாள். பெட்டிச் சாவி போஸிடம். திரும்ப எழுதினாள், திரும்பப் போட்டாள். ஒவ்வொரு தடவை கேட்கப் போகும்போதும் எழுத்தர் ஒரே பாட்டைப் பாடினார். "புகார் எதுவும் வந்ததா பதிவு இல்லையேம்மா. துறைப் பெட்டியில பதிவாகி, தலைவர் பார்வைக்குப் போயிருந்தாத்தான் மறுதேர்வு."

அவள் இப்போது கல்லூரிக்கு எதிர்த் தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். எங்கள் கல்லூரிப் பிள்ளைகளின் செயல்திட்ட அறிக்கைகளை அச்சடித்து, ஓட்டை போட்டு, சுருள் கோத்துக் கொடுப்பதுதான் வேலை. அவற்றில் உள்ள பிழைகளையும் சும்மாவே திருத்திக் கொடுப்பாள். பட்டத்தை முடிக்கக் கொடுத்திருக்கும் காலக்கெடு இந்தப் பருவத்தோடு தீர்கிறது. அதற்குள் அந்த ஒரு நேர்முகத் தேர்வு நடக்காவிட்டால் அவள் படித்த படிப்பு மொத்தமும் தண்ணீரில் எழுதியதுதான்.

அதனால்தான் போட்டிக்கு என்ன செய்யலாம் என்று கோட்டு கேட்டபோது, "புகார்ப் பெட்டி," என்றேன். "போட்ட புகாரை எவனும் அழிக்க முடியாத புகார்ப் பெட்டி."

"செம! சமூக அக்கறை! நடுவர்கள் கண்ணுல தண்ணி வந்துடும்," என்றான் கோட்டு. யார் புகார், ஏன் அழிகிறது என்றெல்லாம் அவன் கேட்கவில்லை. பெயர் மட்டும் அவன் வைத்தான், அழியாப் பெட்டி.

போஸிடம் காட்டினோம். வழிகாட்டி அவர்தானே. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார், அதாவது திரையில் தெரிந்த தம் நிழலைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்தார். பிறகு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அழிக்கிற பட்டன் எங்க?" என்றார்.

"அழிக்க முடியாதுங்கறதுதான் சார் இதோட விஷயமே."

"அது வெளியில சொல்றதுக்கும்மா. நிர்வாகத்துக்குன்னு ஒரு வசதி வேணும்ல? நாளைக்கு ஒருத்தன் கண்டதையும் எழுதிப் போட்டா? தலைவர் அழுத்தினா போயிடணும்."

"சார், இதுல அழிச்சாலும் போகாது. யார் அழிச்சாங்க, எதை அழிச்சாங்கன்னு அதுவும் சேர்ந்து பதிவாகும்."

"ஆங், அதேதான். பதிவாகட்டும். ஆனா அழியணும்."

அவர் கேட்டபடியே ஒரு பட்டன் வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். கோட்டு முந்திக்கொண்டு, "கண்டிப்பா சார். நீங்க எதைச் செஞ்சாலும் 'துறைத் தலைவர்'னு பெரிய எழுத்துல வர்ற மாதிரி வெச்சுடறோம் சார்," என்றான். ஜால்ராவுக்கு என்று ஒரு போட்டி வைத்தால் இவன் உலகக் கோப்பையே கொண்டுவருவான். மேக்கப் உடனே, "தங்கக் கலர்ல போடறேன் சார்," என்றாள். போஸ் முகத்தில் விளக்குப் போட்டதுபோல் ஆகிவிட்டது.

சோதனைக்காக நாலு புகார் போட்டு வை என்று கோட்டு சொல்லியிருந்தான். அன்று சாயங்காலம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அக்கா எவனோ ஒருவனுடைய அறிக்கைக்குச் சுருள் கோத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உன் புகாரைச் சொல்லு. அடிக்கிறேன்."

"அதை இன்னுமா? எழுதி எழுதி மனப்பாடமே ஆயிடுச்சுடி," என்றாள். தலையைத் தூக்காமல் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். தேதி, பதிவு எண், காலையிலிருந்து வாசலில் நின்றது, லிஃப்ட், எல்லாம். ஒரு வார்த்தைகூடத் தடுக்கவில்லை அவளுக்கு. எனக்குத்தான் விரல் வரிக்கு வரி தப்பாக விழுந்தது.

"இது போட்டியில ஏறிடுச்சுன்னா அப்புறம் எவனாலயும் அழிக்க முடியாதுக்கா. உலகமே அழிஞ்சாலும் இது அழியாது."

"பெரிய பேச்சு," என்றாள். ஆனால் சுருளைக் கோத்து முடித்துவிட்டு, நான் அடித்ததை ஒரு தடவை படித்துப் பார்த்தாள். ஒற்றுப் பிழை ஒன்றைத் திருத்தச் சொன்னாள்.

போட்டி ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடத்தில் நடந்தது. வாசலில் இலவசப் பனியன், இலவசப் பேனா, ஒட்டிக்கொள்ள இலவச வில்லை. உள்ளே நுழைந்ததும் எனக்குத் தோன்றியது, இங்கே இலவசமாகக் கொடுக்காத ஒரே பொருள் மூளைதான். பக்கத்து மேசை அணி நாய்களுக்கு பிளாக்செயினில் பிறப்புச் சான்றிதழ் வழங்கியது. எதிர்த்தாற்போல் இருந்த அணி, காதலர்கள் கொடுக்கும் வாக்குறுதிகளைச் சங்கிலியில் ஏற்றிக்கொண்டிருந்தது. 'மீறினால்?' என்று கேட்டேன். 'மீறினதும் ஏறிடும்' என்றார்கள் பெருமையாக. இன்னோர் அணி தண்ணீர் பாட்டில் மூடிகளை எண்ணியது. எதற்கு என்று அவர்களுக்கே தெரியவில்லை. ஆனால் எல்லாத் திரைகளும் நீலமும் ஊதாவுமாக ஜொலித்தன.

எல்லா அணிகளும் அமைப்பாளர்களே தந்த கணினி வலையில்தான் தங்கள் நிரலை ஏற்ற வேண்டும். மேடைக்குக் கீழே துணி போட்டு மூடிய மேசையில் சில கணினிகள் இரைந்துகொண்டிருந்தன. நாங்கள் வேலை செய்தோம் என்று எழுத்தில் சொல்வது வழக்கம். உண்மை என்னவென்றால், நான் வேலை செய்தேன். கோட்டு மண்டபத்தைச் சுற்றிச் சுற்றிவந்து கை குலுக்கினான். மேக்கப் 'துறைத் தலைவர்' என்ற எழுத்துக்குப் பின்னால் ஓர் ஒளிவட்டம் வரவைத்தாள். அக்காவின் புகாரை ஏற்றினேன். கூடவே துணைக்கு, நூலகத்தில் மின்விசிறி சுற்றவில்லை, ஆய்வகத்துக் கதவு சாத்தவில்லை என்று இரண்டு மூன்று. கோட்டு திரையை ஒரு நொடி பார்த்துவிட்டு, "சூப்பர், நிஜப் புகார் மாதிரியே இருக்கு," என்றான். படித்திருந்தால் அவனுக்கே வியர்த்திருக்கும். படிக்கிற பழக்கம் அவனுக்கு எப்போதும் இருந்ததில்லை.

எங்கள் முறை வந்தது. நடுவர்களில் தலைமை ஒரு மேடம். வந்ததிலிருந்து கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தார். நாய்ச் சான்றிதழுக்கு ஒரு கொட்டாவி, காதலுக்கு இரண்டு. கோட்டு மேடையேறி, நீதி, நம்பிக்கை, மாணவர் கண்ணீர் என்று அடுக்க ஆரம்பித்ததும் அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, கொட்டாவியால்.

"அழிக்கவே முடியாதுங்கறீங்க. அப்ப அந்த மூலையில 'அழி'ன்னு பட்டன் எதுக்கு?" என்று கேட்டார்.

கோட்டு கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே என் பக்கம் திரும்பினான். முன்வரிசையில் இருந்த போஸுக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை. துறையின் புகைப்படக்காரரைக் கண்ணால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, விறுவிறுவென்று மேடையேறினார். மைக்கைப் பிடுங்கினார்.

"நான் இந்தத் துறையோட தலைவர். இந்தப் பிள்ளைங்களோட வழிகாட்டி. இதை வெறும் போட்டிக்காகச் செய்யலை. இந்த நிமிஷத்துலேர்ந்து இதுதான் எங்க துறையோட அதிகாரப்பூர்வமான புகார்ப் பெட்டி!"

கைதட்டினார்கள். கைதட்டலைக் கேட்டால் அவருக்கு நிதானம் போய்விடும் என்பது எங்கள் கல்லூரி நாற்காலிகளுக்குக்கூடத் தெரியும். "நிர்வாகம்னா பொறுப்பு. தேவையில்லாத புகாரை நானே பார்த்து எப்படி நீக்கறேன்னு இப்பக் காட்டறேன்," என்று சொல்லிச் சுட்டியைக் கையில் எடுத்தார்.

திரையில் மின்விசிறி வந்தது. கதவு வந்தது. அதன் பிறகு அக்கா வந்தாள்.

அவர் படித்தார். லிஃப்ட் என்ற சொல்லில் அவர் கண் நின்றதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். முகவாய் ஒரு கணம் கீழே இறங்கியது. பிறகு கேமரா நினைவு வந்து மேலே ஏறியது. சிரித்தபடியே 'அழி' என்பதை அழுத்தினார். பட்டியலிலிருந்து அக்காவின் புகார் காணாமல் போனது.

"பார்த்தீங்களா? போயிடுச்சு," என்றார் சபையைப் பார்த்து.

கொட்டாவி மேடம் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "பதிவு வரலாறு பக்கத்தைத் திறங்க," என்றார் என்னிடம்.

திறந்தேன். பெரிய திரை முழுக்க வந்தது. அக்காவின் புகார், தேதி, பதிவு எண், லிஃப்ட் எல்லாம் அப்படியே. அதற்கு மேல், மேக்கப்பின் கைவண்ணத்தில், தங்க நிறத்தில், ஒளிவட்டத்தோடு: 'பார்த்து அழித்தவர்: துறைத் தலைவர்.'

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு போஸைப் பார்த்தார். "ரொம்பத் தெளிவா விளக்கிட்டீங்க சார்," என்றார். அந்த மனிதர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுட்டியில் கை வைத்து, வயிற்றை இழுத்து, முகவாயைத் தூக்கி நின்றார். பக்கத்தில் கோட்டு. புகைப்படக்காரர் பல கோணங்களில் எடுத்துத் தள்ளினார்.

முதல் பரிசு நாய்களுக்குப் போனது. எங்களுக்குக் கிடைத்தது 'சிறந்த செயல்விளக்கம்' என்று ஒரு கேடயம். அதைப் போஸ்தான் வாங்கினார்.

எனக்குக் கால் தரையில் படவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு ஓடிப்போய், அக்காவை உட்காரவைத்து, செல்போனில் முகவரியைத் தட்டினேன். வெள்ளையாக ஒரு பக்கம் வந்தது. மறுபடி தட்டினேன். மறுபடி வெள்ளை. அமைப்பாளர்களைக் கூப்பிட்டேன். எடுத்தவன் ஏதோ மென்றுகொண்டே பேசினான். "அதுவா? அந்த மெஷினெல்லாம் வாடகைக்கு எடுத்ததுங்க. போட்டி முடிஞ்சதும் எல்லாத்தையும் துடைச்சுத் திருப்பி அனுப்பியாச்சே."

மேடைக்குக் கீழே துணி போட்டு மூடியிருந்த அந்தக் கணினிகள்தான் மொத்தச் சங்கிலியும். எல்லாரையும் மட்டம் தட்டிக்கொண்டு திரிந்த நானும் துணியைத் தூக்கிப் பார்க்கவில்லை. பனியன் வாங்கிய மற்ற முட்டாள்களோடு நானும் ஒருத்தி. என் மடிக்கணினியில் ஒரு நகல் இருந்தது, ஆனால் என்னிடம் மட்டும் இருப்பதை நானே ஜோடித்தது என்று சொல்லிவிட எழுத்தருக்கு அரை நொடி போதும்.

"உலகமே அழிஞ்சாலும் அழியாதுன்னு சொன்னே," என்றாள் அக்கா.

"ஆமா."

"உலகம் அழியலையேடி. வாடகைதானே முடிஞ்சுது?"

அவள் சிரித்தாள். அம்மாவும் உள்ளேயிருந்து சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைச் சுற்றிவிட்டு வந்தேன். இன்னார்மேல் என்று இல்லை, எல்லார்மேலும் கோபம்.

சில நாள் கழித்து, வகுப்பில் இருந்தபோது அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. "உடனே கடைக்கு வாடி. பேசாம வந்து நில்லு. வாயைத் திறக்காதே," என்றாள். வேலை நேரத்தில் அவள் என்னைக் கூப்பிட்டதே இல்லை.

கடையில் கோட்டு நின்றுகொண்டிருந்தான். கையில் போஸ் கொடுத்தனுப்பிய பென் டிரைவ். கல்லூரி நிர்வாகக் குழு அடுத்த வாரம் துறையைப் பார்வையிட வருகிறதாம். அதற்குள் போட்டியில் எடுத்த படத்தைப் பெரிதாக அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, வாசல் சுவரில் நடுநாயகமாக மாட்ட வேண்டுமாம். படத்தின் கீழே வரவேண்டிய வாசகத்தையும் போஸ் தம் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தார்: 'துறையின் அதிகாரப்பூர்வப் புகார்ப் பெட்டியைத் துறைத் தலைவர் இயக்கித் தொடங்கிவைத்த நிகழ்வு.'

அக்காவின் திரையில் அந்தப் படம் விரிந்திருந்தது. முன்னால் போஸ், சுட்டியில் கை. பக்கத்தில் கோட்டு. இரண்டு பேருக்கும் பின்னால், தலைக்கு மேல், பெரிய திரை. எழுத்து கொஞ்சம் மங்கல்தான், ஆனால் தங்க நிறம் தங்க நிறம்தான்.

"அக்கா, என் கோட்டு கொஞ்சம் இருட்டா விழுந்திருக்கு. வெளிச்சம் ஏத்த முடியுமா?" என்றான் கோட்டு. அவள் யார் என்று அவனுக்குத் தெரியாது. கடையில் இருக்கிறவர்களை அவன் முகம் பார்த்ததில்லை.

"ஏத்தலாமே தம்பி. பின்னாடி இருக்கற திரையையும் கொஞ்சம் தெளிவாக்கட்டுமா?"

"ஆமாமா, ஆக்குங்க. நம்ம புராஜெக்ட்தானே அது."

"எழுத்தெல்லாம் படிக்கற மாதிரியே வந்துடும். பரவாயில்லையா?"

"அதான் வேணும். நல்லாப் பளிச்சுனு இருக்கணும்னு சார் சொல்லிவிட்டார்."

அக்கா அவன் கோட்டுக்கு ஒரு துளி வெளிச்சம் கொடுத்தாள். மீதி வேலையெல்லாம் பின்னால் இருந்த திரைக்குத்தான். தன் பதிவு எண்ணின் கடைசி எழுத்துவரை கூர்மையாக்கினாள். நான் சுருள் கம்பிக் கட்டுக்குப் பின்னால் நின்று கையைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவன் தன் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அச்சாகி வெளியே வந்ததும், "அட்டகாசம்," என்று தூக்கிக்கொண்டு போனான்.

நிர்வாகக் குழு வருவதாக இருந்த அன்று காலையில் அக்கா கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, விண்ணப்பத்தோடு துறைக்கு வந்தாள். நானும் கூட நின்றேன். வாசலிலேயே எழுத்தர் மேசை. அவருக்கு நேர் பின்னால் சுவரில், புதுக் கண்ணாடியோடு, போஸ்.

எழுத்தர் விண்ணப்பத்தைப் புரட்டினார். "புகார் எதுவும் வந்ததா பதிவு இல்லையேம்மா. துறைப் பெட்டியில பதிவாகி, தலைவர் பார்வைக்குப்..."

"கொஞ்சம் தலையைத் திருப்பிப் பாருங்க சார்," என்றாள் அக்கா.

திருப்பினார். முதலில் வாசகத்தைப் படித்தார். பிறகு திரையில் இருந்த எண்ணைப் படித்தார். விண்ணப்பத்தில் இருந்த எண்ணோடு ஒத்துப் பார்த்தார். தங்க எழுத்துக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்து போய் போஸைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

போஸ் புதுச் சட்டையில் இருந்தார். தம் படத்துக்கு முன்னால் நின்றார். வழக்கம்போல் முதலில் தம்மைத்தான் பார்த்தார். அதன் பிறகுதான் பார்வை மெதுவாகத் தலைக்கு மேலே ஏறியது. கழுத்து சிவந்துகொண்டே வந்தது.

"இதை யாரு மாட்டினது? கழட்டுங்க," என்றார் ஈனக் குரலில்.

"நீங்கதான் சார் காலையில ஆணி அடிக்கச் சொன்னீங்க," என்றார் எழுத்தர். "குழு கீழ வந்துட்டாங்க சார். கழட்டினா நட்டநடுவுல சுவரு மூளியாத் தெரியும்."

அக்கா விண்ணப்பத்தை நீட்டினாள். குரல் துளியும் உயரவில்லை. "கழட்ட வேண்டாம் சார். படம் நல்லா இருக்கு. எல்லாப் படத்திலயும் இதுலதான் நீங்க நல்லா விழுந்திருக்கீங்க."

போஸ் திரும்பினார். அந்த நிலையிலும், கழுத்துவரை ரத்தம் ஏறியிருந்த அந்த நிமிடத்திலும், அந்த மனிதர் கேட்டார்: "அப்படியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஆளுக்காகவா என் அக்கா இத்தனை காலம் ஓட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று அருவருப்பாக இருந்தது.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. அவர் படத்தைப் பார்த்தார், விண்ணப்பத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பேனாவை உருவினார். 'மறுதேர்வு நடத்தலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். ஓர் ஆணியைப் பிடுங்குவதைவிட அது அவருக்குச் சுலபமாக இருந்தது.

அதோடு விட்டிருந்தால் அவர் போஸ் இல்லை. குழு வாசலில் தலைகாட்டியதும் முகம் பழையபடி மலர்ந்துவிட்டது. குழுவின் வருகையைப் படம் எடுக்கக் கேமராவோடு ஓரமாக நின்ற கோட்டை விரலால் அழைத்தார். "தம்பி, மாணவிக்கு அனுமதி வழங்கற மாதிரி ஒண்ணு எடுத்துடு," என்று சொல்லி விண்ணப்பத்தின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றை இழுத்து, முகவாயைத் தூக்கினார்.

அக்கா மறுநுனியைப் பிடித்து, தாளைக் கேமராவின் பக்கம் நன்றாகத் திருப்பினாள்.

"கையெழுத்தும் தேதியும் தெரியற மாதிரி எடு தம்பி," என்றாள். "நம்ம கடைக்குத்தானே அச்சுக்கு வரப்போகுது."